எட்டுச் சாரைத்தோல்

வேண்டுமென்று செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று யாராவது கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தெரிந்தால் சொல்ல மாட்டேனா? பதினோரு வருஷமாக என்னை நானே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன். நீங்களாவது ஒரு முடிவுக்கு வர முடிகிறதா பாருங்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம் செப்டம்பர் கடைசியில் என் அண்ணன் செல்வநாதன் லீவில் காரைக்கால் வந்தார். அண்ணன் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பட்டாளத்தை விட்ட பிறகு பிரான்சிலேயே ஒரு சின்ன ஊரில் குடியிருந்தார். வந்த மறுநாளே சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். அதில் ஒரு மர வில். எய்கிறவனுக்கு எதிர்ப்பக்கம், வில்லின் முதுகு முழுக்கப் பாம்புத்தோல் ஒட்டியிருந்தது. அழகுக்கும் ஆகுமாம், வளைக்கும்போது மரத்தில் சிலாம்பு கிளம்பாமலும் பிடித்துக்கொள்ளுமாம்.

அந்த ஊரில் வில் எய்வதற்கென்றே சங்கம் வைத்திருக்கிறார்கள் என்றார் அண்ணன். வேலைவெட்டி இல்லாதவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சங்கத்துத் தலைவர் ஒரு முசியே, பிரெஞ்சுத் துரை. பெரிய தச்சுப்பட்டறை வைத்திருக்கிறவர். கையால் செய்த வில் நாலு வேண்டும், முதுகில் பாம்புத்தோல் வேண்டும், வேலை சுத்தமாக இருந்தால் செய்தவனையே பட்டறைக்கு எடுத்துக்கொள்கிறேன், காகிதமெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். என் தங்கை புருஷன் இருக்கிறார் என்று அண்ணன் உடனே வாக்குக் கொடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் பெயர் பிலோமின்ராஜ். கோயில் பெஞ்சிலிருந்து சவப்பெட்டி வரைக்கும் எங்கள் தெருவில் அவர் செய்யாத மரச்சாமான் கிடையாது. அவர் இழைத்துக் கொடுப்பார், பாலிஷ் என்னுடையது. கலியாணமான நாளிலிருந்து அப்படித்தான். வேலையில் அவர் கை தடுமாறி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு முடிவு எடுக்கச் சொன்னால் போயிற்று. அறுபத்திரண்டில், காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஆறு மாதம் கெடு வைத்தார்கள். இவர் ஆறு மாதமும் யோசித்தார். ஏழாவது மாதம் போய் விசாரித்தார். எங்களுக்குக் கலியாணம் ஆவதற்கு முந்தைய கதை அது. ஆனாலும் எனக்கு மனப்பாடம்.

போகிறீர்களா என்று கேட்டேன். முதலில் வில் ஆகட்டும், பார்ப்போம் என்றார். இந்தப் 'பார்ப்போம்' என்ற வார்த்தையை இவர் வாயிலிருந்து பிடுங்கிக் கடலில் போட்டால் எங்கள் குடும்பம் உருப்படும்.

மரத்துக்குக் கஷ்டமில்லை. மாட்டுவண்டி ஏர்க்காலுக்கென்று வாங்கிப் போட்டிருந்த சடச்சி மரம் இருந்தது. வளைந்து கொடுக்கும், முறியாது. தோல் அல்லா பிச்சை பாயிடமிருந்து வந்தது. நெடுங்காட்டுப் பக்கம் வயலில் எலி பிடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டு வருகிற சாரைப்பாம்பின் தோலை உப்புத் தடவிச் சுருட்டி, மூட்டை மூட்டையாக மெட்ராஸுக்கு அனுப்புகிற வியாபாரி அவர். எங்களுக்கு எட்டுத் தோல் பொறுக்கிக் கொடுத்தார். வில்லுக்கு இரண்டு. இரண்டின் தலைப்பக்கமும் நடுவில், கைப்பிடியில் சந்திக்க வேண்டும். வால் வில்லின் நுனிக்குப் போக வேண்டும். “நல்ல தண்ணியில ஊறப் போட்டு அலசிடுங்க தங்கச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் சரி. குடிக்கிற தண்ணீர் தெருமுனைக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம் வரும். முதல் நாலு தோலுக்குக் குழாய்த் தண்ணீர்தான் பிடித்தேன். ஐந்து தடவை மாற்றினேன். கருவாடு அலசுகிறவளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊறின தோல் ரிப்பன் மாதிரி துவளும். உள்பக்கத்துச் சவ்வை மழுங்கின கத்தியால் வழித்தேன். இவர் மாட்டுத்தோல் வஜ்ஜிரப் பசை காய்ச்சி வில்லின் முதுகில் தடவ, நான் தோலை வைத்துப் பிடியிலிருந்து நுனிவரை கட்டைவிரலால் நீவிக்கொண்டே போனேன். கடுகளவு காற்று உள்ளே நின்றாலும் வில்லை வளைக்கும்போது தோல் கிளம்பிவிடும். பிறகு பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிச் சுற்றி ஐந்து நாள் வைத்தோம். அவிழ்த்ததும் ஓரத்தை பிளேடால் சீவி, மேலே செத்துப்போன செதிலைத் துடைத்தெடுத்து, அரக்குப் பாலிஷ் எட்டுக் கை போட்டேன். சொந்த வேலையை நானே புகழக் கூடாது. ஆனால் அந்த இரண்டு வில்லையும் பார்த்தவர்கள் தொட்டுப் பார்க்காமல் போகவில்லை.

பக்கத்து வீட்டு இசபெல்லா மட்டும் தொடவில்லை. மாதா காலால் மிதித்த பாம்பு ஜென்மத்தை நீ குளிப்பாட்டித் தலைவாரி விடுகிறாயே சலோமி, இது எங்கே போய் முடியுமோ என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

முதல் வில்லை எடுத்துக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரைக்குப் போனோம். அண்ணன் தான் கொண்டுவந்திருந்த நாணைப் பூட்டி, ஒரு அம்போடு இவர் கையில் கொடுத்தார். இவர் இழுத்து விட்டார். அம்பு பறந்துபோய்த் தூரத்து மணலில் குத்திக்கொண்டு நின்றது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் கலியாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. “பாத்தியா சலோமி?” என்றார். பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதே நிமிஷம் இந்த மனுஷருக்குப் போக வேண்டும் என்று ஆசை இருக்கிறது, அவருக்கே அது தெரியவில்லை என்று தோன்றியது.

அக்டோபர் இருபது வாக்கில் மிச்சம் நாலு தோலையும் மண்பானையில் ஊறப்போட்டேன். கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் காப்பி டம்ளரோடு பின்வாசலில் வந்து சாய்ந்துகொண்டு, சர்க்கரை கொஞ்சம் போடு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். “அங்க ஒரு ஆளுக்குத்தான் ரூம் குடுப்பாங்க சலோமி. மாப்பிள்ளை மொதல்ல தனியா வரட்டும். நாலஞ்சு வருஷத்துல உன்னையும் புள்ளையையும் கூப்பிட்டுக்கலாம்.”

அதுவரைக்கும் மூன்று பேரும் சேர்ந்து போவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். என் மகள் ரெஜினாவுக்கு அப்போது மூன்று வயசு. அவளுக்குக் குளிர்ச் சட்டைகூடப் பின்ன ஆரம்பித்துவிட்டேன். இது அவருக்குத் தெரியுமா என்று அண்ணனைக் கேட்டேன். போட்டோ காட்டின அன்றைக்கே சொல்லிவிட்டேனே, தலையாட்டினாரே என்றார். தலையாட்டினாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பானையில் நான் எந்தத் தண்ணீரை ஊற்றினேன் என்பதுதான் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கிணற்று வாளியை இழுத்தது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அன்றைக்குத் துணியும் துவைத்தேன், அதற்காக இழுத்திருக்கலாம். குழாயடியில் குடம் வைத்த மாதிரியும் இருக்கிறது. எத்தனை தடவை மாற்றினேன் என்று கேட்டால் அதுவும் தெரியாது. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. மனசு வேறு எங்கேயோ நின்று இரண்டு ஆம்பிளைகளையும் திட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது நாலாவது வில்லுக்குத் தோல் ஒட்டிக் கட்டி, அவிழ்த்துச் சுவரில் மாட்டினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் மழை பிடித்துவிட்டது. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, அது மழையில் அணைய, மறுபடி ஏற்றி, நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தோம். பட்டறைக்குள் போன இவர் வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். அந்த இரண்டு வில்லிலும் செதிலுக்குச் செதில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. ஓரமெல்லாம் சுருண்டு எழும்பிவிட்டது. அதே சுவரில், அதே ஈரக் காற்றில், முதல் இரண்டும் சும்மா காய்ந்து தொங்கின.

மழைக்காலத்தில் கருவாட்டுப் பானையைத் திறந்து பார்க்கிற எவளுக்கும் அது என்னவென்று தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. தெரியக் கூடாது என்று இருந்தேனோ என்னவோ.

இருபதாம் தேதி அண்ணனுக்கு மெட்ராஸில் விமானம். நாலு வில்லும் அவர் கையோடு போக வேண்டும். இவர் கரிச்சட்டி மூட்டி, தோலைச் சூடு காட்டி, மறுபடி பசை தடவி ஒட்டினார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. மறுநாள் வியர்த்தது. மறுபடி ஒட்டினார். மறுபடி வியர்த்தது. மரம் பச்சையாக இருந்திருக்குமோ என்றார். ஒரே மரத்தில்தானே நாலும் அறுத்தோம் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். இசபெல்லா, சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்த தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். ஏற்கெனவே இருக்கிற தண்ணீர் போதாதா என்று அவளை விரட்டினேன்.

அல்லா பிச்சை பாய் வந்து குனிந்து பார்த்தார். “நல்ல தண்ணியிலதானே அலசுனீங்க?” என்று என்னைக் கேட்டார்.

“எனக்கு அலசத் தெரியாதா பாய்?” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. அவர் பாவம், மன்னிக்கணும் தங்கச்சி என்று சொல்லிவிட்டு, அப்படியானால் பசையில்தான் கோளாறு என்று போய்விட்டார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் வாசலுக்கு ஓடினேன். கூப்பிட்டு உண்மையைச் சொல்லலாம் என்றால், உண்மை எது? கிணற்றுத் தண்ணீர் என்றும் சொல்ல முடியவில்லை, குழாய்த் தண்ணீர் என்றும் சொல்ல முடியவில்லை.

பதினோராம் தேதி காலையில் அண்ணன் பட்டறைக்கு வந்தார். முகமே சரியில்லை. பாதி வேலையைக் கொண்டுபோனால் முசியே மீதிப் பாதியையும் நம்ப மாட்டார், நான் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், இந்த ஊர் வேலை இவ்வளவுதான் என்று பொரிந்து தள்ளினார். இவர் மூன்றாவது வில்லைச் சுவரிலிருந்து எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு நாக்கை நீட்டி, தோலின் மேல் நின்ற நீரை ஒரு தடவை நக்கினார்.

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை.

“என்ன மாப்பிள்ளை?” என்றார் அண்ணன்.

“பசை நான் சரியாக் காய்ச்சலை மச்சான். என் தப்புதான்” என்றார்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு போனார். அவர் போனதும் நான் வில்லைப் பிடுங்கி நக்கிப் பார்த்தேன். உப்பு. நாக்கு நுனி சுருக்கென்றது. தோலில் நின்றுபோன உப்புதான் மழைக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அவமானம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இருபது வருஷத் தச்சன், பசை காய்ச்சத் தெரியாது என்று தன் வாயாலேயே சொல்லிக்கொண்டாரே. அதை அண்ணன் அந்த ஊர்வரை கொண்டுபோய்ச் சொல்வாரே.

“உப்புன்னு தெரிஞ்சும் ஏங்க பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்க?” என்றேன்.

“உப்புன்னு தெரிஞ்சுது. நீ வேணும்னு செஞ்சியான்னு தெரியலை.”

“எனக்கும் தெரியலைங்க.”

அவர் என்னை நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் போக ஆசைப்படுகிறீர்களா இல்லையா, அதையாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். வில்லின் நுனியைத் தடவிக்கொண்டே நின்றார். தெரியவில்லை என்றார். என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். போவதாக இருந்தால் சொல்லலாம் என்று இருந்தேன் என்றார். சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் போகமாட்டேன், போகாததற்கு நீதான் காரணம் என்று பிறகு உன்னையே சொல்லிக் காட்டுவேனோ என்று பயமாக இருந்தது என்றார். இத்தனை யோசனை உள்ளே ஓடியிருக்கிறது. வெளியே வந்தது ஒரு தலையாட்டல்.

அப்புறம் அவர் செய்த காரியத்தை நான் மறக்கவே மாட்டேன். வெந்நீரில் துணி நனைத்து இரண்டு வில்லின் முதுகிலும் போர்த்தினார். வஜ்ஜிரப் பசை வெதுவெதுப்புக்கு இளகிவிடும். நாலு தோலையும் கிழியாமல் உரித்தெடுத்தார். மண்பானையில் போட்டுக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

“இன்னும் ஒம்பது நாள் இருக்கு. நீயே அலசு சலோமி. எந்தத் தண்ணின்னு நான் பாக்க மாட்டேன்” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, ரெஜினாவைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்.

அடப்பாவி மனுஷா! அறுபத்திரண்டில் ஆறு மாதம் யோசித்து முடிவு எடுக்க முடியாததை, ஒரு பானையில் போட்டு என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கிணறு நாலு எட்டில் இருக்கிறது. குழாய் தெருமுனையில். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் நிற்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கிணற்றில் இறைத்து ஊற்றினால் இவர் இங்கேயே இருப்பார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். சாகிறவரைக்கும் கேட்கமாட்டார். அது எனக்குத் தெரியும்.

குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அவர் கடற்கரையில் சிரித்த சிரிப்பு ஒரு காரணம். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது ஒரு காரணம். இந்த ஊர் வேலை இவ்வளவுதான் என்று அண்ணன் சொன்னாரே, அதுவும் ஒரு காரணம்; என் கை பட்ட வேலை எங்கேயோ ஒரு தேசத்தில் தோல் உரிந்து தொங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதில் எது பெரிசு என்று எனக்குத் தெரியாது. மூன்று குடம் தூக்கி வந்தேன். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தோலை நக்கிப் பார்த்தேன். கரித்தது. இரண்டாவது, கரித்தது. மூன்றாவதிலும் கரித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இசபெல்லா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே நாலாவது தடவையும் நக்கினேன். லேசாகக் கரித்தது. ஐந்தாவது தண்ணீரில் உப்பு இல்லை. கொஞ்சம்கூட இல்லை. அதற்கு மேல் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆறாவது தண்ணீரும் மாற்றினேன்.

இவர் வந்ததும் ஒன்றும் கேட்கவில்லை. பசை காய்ச்சினார். நான் நீவினேன். பழையபடி வேட்டிக் கிழிசலால் கட்டி, கரிச்சட்டி பக்கத்தில் வைத்து ஐந்து நாள் காவல் இருந்தோம். அவிழ்த்துச் சுவரில் மாட்டி, ஒரு நாள் முழுக்க மழையையும் தோலையும் மாறி மாறிப் பார்த்தோம். ஒரு சொட்டு வியர்க்கவில்லை. பாலிஷ் போட்டு முடித்தபோது, எது முந்தைய ஜோடி எது பிந்தைய ஜோடி என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அண்ணன் நாலு வில்லையும் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எழுபத்து மூன்று மார்ச்சில் முசியே அனுப்பின காகிதம் வந்தது. ஏப்ரலில் இவர் போனார். இந்தத் தடவை யோசிக்கவில்லை. நீ அலசிக் கொடுத்தாய், போகிறேன் என்றார்.

நாலைந்து வருஷத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த வருஷமே அங்கே சட்டத்தை மாற்றிவிட்டதாகக் கடிதம் வந்தது. பிறகு ரூம் போதாது என்று வந்தது. பிறகு பார்ப்போம் என்று வந்தது. பதினோரு வருஷத்தில் மூன்று தடவை வந்து போனார். ரெஜினாவுக்கு இப்போது பதினாலு. ஒவ்வொரு தடவையும் அவரை முதல் இரண்டு நாள் 'நீங்க யாரு' என்கிற மாதிரிதான் பார்க்கிறாள்.

போன வாரம் கடிதம் வந்தது. வருஷா வருஷம் இங்கே மழை பிடிக்கிற சமயத்தில் எழுதுவார். சங்கத்துச் சுவரில் நாலு வில்லும் தொங்குகின்றன, அங்கேயும் ஒரே மழைதான், மூன்றாவது நாலாவதில் இன்றைக்கும் ஓரம்கூடக் கிளம்பவில்லை, உன் கை யாருக்கும் வராது சலோமி என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு மடித்து வைத்தேன். வெளியே மழை கொட்டுகிறது. கொல்லையில் அந்த மண்பானை கவிழ்ந்து கிடக்கிறது.

ஒரு தண்ணீர் குறைத்திருக்கலாம். இரண்டு தண்ணீர் குறைத்திருக்கலாம்.